நிழலுக்கு வீடு கட்டியவர்

கொட்டகையில் விளக்கு எரிந்ததும் எழுந்து வெளியே வருகிறோம். நடித்தவர் யார், பாடியவர் யார், வசனம் தீட்டியவர் யார் என்று வழிநெடுகப் பேச்சு. பேசட்டும், தவறில்லை. ஆனால் தோழர்களே, ஒரு கேள்வி. படத்தில் தாய் சாய்ந்து நின்று கதறினாளே, அந்தச் சுவரை எழுப்பியவர் யார்? புயற்காற்றில் தடதடவென்று ஆடிற்றே, அந்தக் கதவை மாட்டியவர் யார்?

எவரும் கேட்பதில்லை. வீட்டில் குடிபுகுந்தவன் கொத்தனாரை மறப்பது உலக வழக்கம். ஆனால் கொத்தனார் கட்டிய வீடாவது பேரன் காலத்திலும் நிற்கும். கட்டியவன் கையைக் காட்டும். படத்துக்காகக் கட்டும் வீடோ பத்து நாள் வீடு. படப்பிடிப்பு முடிந்த மறுநாளே சுவரைப் பெயர்த்து, பலகையை அடுக்கி, ஆணியைப் பொறுக்கிவிடுவார்கள். மிஞ்சுவது திரையில் விழும் நிழல் ஒன்றே.

அந்த நிழலுக்கு வீடு கட்டுவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையை இன்று சொல்கிறேன். அவர் பெயர் பன்சி சந்திரகுப்தா. சத்யஜித் ரே என்ற பெயரை அறிந்தவர் பலர். அந்தப் பெயருக்குப் பின்னால் மரமும் சுண்ணாம்பும் சாக்குத் துணியும் கொண்டு உலகங்களைப் படைத்த இந்தக் கலை இயக்குநரை, படத்தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே நினைத்துப் பார்க்கிறார்கள். உழைப்பாளிகளாகிய நாம் நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பார்கள்?

பள்ளி இல்லாத படிப்பு

1924ஆம் ஆண்டு, பஞ்சாபில் சியால்கோட் நகரில் பிறந்தார். 1947இல் நாடு துண்டானபோது அந்த ஊர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. அவர் வளர்ந்தது காஷ்மீரத்தில். கையில் தூரிகை பிடிக்கும் ஆசை. நெஞ்சில் ஓவியனாக வேண்டும் என்ற கனவு. தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ஓவியர் சுபோ தாகூரின் தொடர்பு கிடைத்தது. அந்தத் தூண்டுதலில் மலைநாட்டை விட்டுப் புறப்பட்டுக் கல்கத்தா வந்து சேர்ந்தார். மொழி புதிது, மக்கள் புதிது, ஊர் புதிது. கலை ஒன்றுதான் பழகியது.

கல்கத்தாவில் அவர் கால் ஸ்டூடியோ வாசலில் நின்றது. அந்நாளில் செட் அமைக்கும் தொழில் பெரும்பாலும் நாடகக் கொட்டகையின் பிள்ளையாகத்தான் இருந்தது. மாளிகை வேண்டுமா? படுதாவில் தீட்டு. மரம் வேண்டுமா? அட்டையில் வெட்டு. ஏழையின் குடிசைகூட நேற்று வெள்ளையடித்தது போல் பளபளக்கும். பார்க்கிறவனும் இது பொம்மை வீடு என்று தெரிந்தே பார்ப்பான். இதையே செய்துகொண்டு காலம் தள்ளினால் கூலி கிடைக்கும். பன்சியின் மனமோ அதில் ஒட்டவில்லை.

ஒத்த மனம் கொண்டவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக வேலை பார்த்த சத்யஜித் ரே, எழுத்தாளர் சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் சேர்ந்து 1947இல் கல்கத்தா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்கள். பன்சியும் அதில் ஒருவர். பிற நாட்டுப் படங்களைத் திரையிடுவார்கள்; பார்ப்பார்கள்; பிறகு வாதிடுவார்கள். ஏன் அந்தச் சன்னல் அங்கே இருந்தது, வெளிச்சம் ஏன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றெல்லாம் துருவுவார்கள். பட்டம் தரும் கல்லூரி அல்ல அது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கிடைத்த கல்வி பல கல்லூரிகளில் கிடைக்காத கல்வி.

குரு கடல் கடந்து வந்தார்

அப்போதுதான் பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற இயக்குநர் ழான் ரெனுவார், 'நதி' என்ற பொருள்படும் தம் ஆங்கிலப் படத்தை எடுக்க வங்காளம் வந்தார். அந்தப் படம் 1951இல் வெளிவந்தது. ரெனுவாருடன் வந்தவர் யூஜின் லூரியே. உக்ரைன் நாட்டின் கார்க்கிவ் நகரில் பிறந்து, பிரான்சில் தொழில் பழகி, 1937இலும் 1939இலும் ரெனுவாரின் மாபெரும் படங்களுக்குச் செட் அமைத்தவர். அவருக்கு உள்ளூர் உதவியாளர் தேவைப்பட்டது. அந்த வேலை பன்சிக்குக் கிடைத்தது.

பட்டறையில் சேரும் பையன் முதல் நாளே உளி பிடிப்பதில்லை. ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்ப்பதைப் பார்க்கிறான். நூல் பிடிப்பதைப் பார்க்கிறான். எங்கே அடி விழ வேண்டும், எங்கே விழக்கூடாது என்பதைப் பார்க்கிறான். பார்த்துப் பார்த்தே பாதித் தொழில் கைக்கு வந்துவிடும். பன்சியும் அப்படித்தான் கற்றார். உள்ள இடத்தை முதலில் கூர்ந்து பார்; மண்ணின் நிறம் என்ன, சுவரின் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, வாசற்படி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று கவனி; பிறகு கட்டு. அந்தத் தொழில்நெறி அவர் கையோடு வந்தது. அவருடைய பிற்காலச் செட் ஒவ்வொன்றும் அதற்குச் சான்று.

அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சுப்ரதா மித்ரா என்ற இளைஞரும் ஒருவர். ரேயும் ரெனுவாருக்கு இடம் காட்ட உடன் சென்றிருந்தார். கற்க வந்த மூவர் பின்னால் ஒரே படத்தில் கைகோத்தனர். ரே இயக்கினார், மித்ரா காமிரா பிடித்தார், பன்சி செட் அமைத்தார். அந்தப் படம்தான் 'பதேர் பாஞ்சாலி'.

இடிந்த வீடும் எழுந்த சுவரும்

கதை, ஓர் ஏழைப் புரோகிதனின் குடும்பத்தைப் பற்றியது. கல்கத்தாவை அடுத்த போரால் கிராமத்தில் சிதைந்து கிடந்த வீடொன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அதைக் கதைக்கு ஏற்றபடி செப்பம் செய்வது பன்சியின் பொறுப்பு. செப்பம் செய்வது என்றால் புதுப்பிப்பது அல்ல. வறுமை எத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் குடியிருக்கிறது என்பதைச் சுவர் சொல்ல வேண்டும், தோழர்களே!

பகற்காட்சிகளைக் கிராமத்தில் எடுத்தார்கள். இரவுக் காட்சிகளை ஸ்டூடியோவில் எடுத்தார்கள். இங்கேதான் தொழிலாளியின் திறமைக்குச் சோதனை. கிராமத்தில் நிற்பது காலம் அரித்த உண்மைச் சுவர். ஸ்டூடியோவில் நிற்பதோ நேற்று ஆணியடித்த சுவர். இரண்டும் ஒரே வீடாகத் தெரிய வேண்டும். நூலிழை வேறுபட்டாலும் பார்ப்பவன் கதையை விட்டு வெளியே வந்துவிடுவான்.

புதுப் பலகையைப் பழம்பலகை ஆக்குவது எப்படி? செட் வேலை செய்வோர் அறிந்த வழி ஒன்று உண்டு. பலகையை நெருப்பில் வாட்டிக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் மென்மையான பகுதி உதிர்ந்துபோகும். கெட்டியான நரம்பு மட்டும் வரிவரியாக மேலெழுந்து நிற்கும். ஐம்பது மழைக்காலம் பார்த்த மரம் போல் ஆகிவிடும். விளக்கு மாடத்துக்கு மேலே புகைக்கறை; தலை சாய்த்து உட்காரும் இடத்தில் எண்ணெய்க்கறை; கதவில் கை படும் இடத்தில் மட்டும் பளபளப்பு. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துச் செய்வதற்குப் பெயர்தான் கலை இயக்கம். மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாதவனால் ஒரு சுவரைக்கூட ஒழுங்காக அழுக்காக்க முடியாது!

1955இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் மனித வாழ்வைச் சித்திரித்த சிறந்த ஆவணம் என்று பரிசு பெற்றது. அந்த வீட்டை உண்மை வீடு என்றே உலகம் நம்பியது. செட் அமைத்தவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. அதைவிடப் பெரிய இழப்பும் இல்லை. வேலை சிறக்கச் சிறக்க, செய்தவன் மறைந்துபோகிறான்.

காலமும் காசும்

செட் போடும் கலையைச் சொல்லும்போது அதன் உடன்பிறப்பான இன்னொரு தொழிலையும் சொல்லியாக வேண்டும். அதுதான் தயாரிப்பு நிர்வாகம். எந்தக் காட்சியை என்றைக்கு எடுப்பது, எந்தச் செட்டை முதலில் எழுப்புவது, எத்தனை ஆட்கள், எத்தனை பலகை, எத்தனை வேளைச் சோறு என்று கணக்கிடும் தொழில். 'பதேர் பாஞ்சாலி'யில் அந்தப் பாரத்தைச் சுமந்தவர் அனில் சௌத்ரி.

அந்தப் பாரம் எத்தகையது என்று பாருங்கள். 1952 அக்டோபர் 27ஆம் நாள் முதல் படப்பிடிப்பு. நாணல் பூத்து வெண்கடலாக விரிந்திருந்த வயலில் பாதிக் காட்சியை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த வாரம் போனால் பூவைக் காணோம்! கால்நடைகள் மேய்ந்துவிட்டன. மறுபடி பூக்க ஓராண்டு காத்திருந்தார்கள். பூ ஒருவாறு திரும்பி வந்தது, பணம் வரவில்லை. ரேயின் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. வேலை நின்றது. பிறகு முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்து மேற்கு வங்க அரசு பண உதவி செய்ததால்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் சிறுவன் வளர்ந்திருந்தால்? எண்பது வயதை ஒட்டிய மூதாட்டி சுனிபாலா தேவி கண் மூடியிருந்தால்? படமே இல்லை.

கலையென்பது கனவு மட்டுமல்ல, நாட்காட்டியும் கணக்கேடும் சேர்ந்ததே கலை என்பதைப் பன்சி இங்கே பட்டறிந்தார். பணம் குறைவு என்பதற்காக மனம் குன்றவில்லை. காமிராவின் லென்சுக்கு எவ்வளவு சுவர் தெரியுமோ அவ்வளவு சுவரைக் கட்டினால் போதும். தெரியாத மூலைக்குப் பூசும் சுண்ணாம்பு வீண். ரே ஒவ்வொரு காட்சியையும் தம் குறிப்பேட்டில் படமாக வரைந்து வைப்பவர். அந்தக் கோட்டை அடியாகவும் அங்குலமாகவும் மாற்றி, மரத்திலும் சாந்திலும் நிறுத்துவது பன்சியின் வேலை. இருவருக்கும் இடையே வீண்பேச்சுக்கும் இடமில்லை, வீண்செலவுக்கும் இடமில்லை.

வெள்ளைத் துணி வானமாயிற்று

அடுத்த படம் 'அபராஜிதோ', 1956ஆம் ஆண்டு. காசி நகரத்து வீடொன்றின் உள்முற்றம் வேண்டும். நான்கு புறமும் சுவர், மேலே வானம். திறந்த வெளியில் கட்டத்தான் திட்டம். ஆனால் மழைக்காலம் நெருங்கியது. ஒரு மழை அடித்தால் சாந்து கரையும், நாள் வீணாகும், கூலி இரட்டிப்பாகும். எனவே முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே கட்டப் பன்சி முடிவு செய்தார்.

சுப்ரதா மித்ரா தடுத்தார். உள்முற்றத்தில் வெயில் நேராக விழுவதில்லை. வானத்திலிருந்து சிந்தும் மெல்லொளி மட்டுமே படரும். நிழலே விழாத அந்த ஒளியைக் கூரைக்குக் கீழே விளக்குகளால் உண்டாக்க முடியாது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் மழை வாதத்துக்குக் காத்திருக்குமா?

முடிவில் என்ன செய்தார்கள் தெரியுமா? முற்றத்தின் மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார்கள். விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார்கள். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, விடியற்காலை வானத்தின் ஒளியாக முற்றத்தில் வழிந்தது. முடியாது என்று சொன்ன மித்ராவே கண்ட வழி அது! நம் நாட்டுத் திரைத்தொழிலில் ஒளியமைப்பின் போக்கையே அது மாற்றியது. 1957இல் வெனிஸ் விழாவில் அந்தப் படம் தங்கச் சிங்கம் பரிசு பெற்றது.

எண்ணிப் பாருங்கள். மழைக்கு அஞ்சி நிர்வாகம் எடுத்த முடிவு செட்டை மாற்றியது; செட் மாறியதால் ஒளி மாறியது; ஒளி மாறியதால் கலை வளர்ந்தது. தச்சன் வேலை வேறு, விளக்குக்காரன் வேலை வேறு, கணக்கன் வேலை வேறு என்று சுவர் எழுப்புகிறவர்கள் இந்தத் துணியை நினைவில் வைக்கட்டும்.

எதைத் தேடுவது, எதைக் கட்டுவது

எல்லாவற்றையும் கட்டுவதும் பேதைமை. எதையும் கட்ட மறுப்பதும் பேதைமை. 1958இல் வந்த 'ஜல்சாகர்' நொடித்துப்போன ஜமீன்தாரின் கதை. பத்மா நதிக்கரையில் நிம்திதா என்ற ஊரில் உண்மையான அரண்மனை கிடைத்தது. சிதைந்த தூண்களையும் அரித்தோடும் ஆற்றையும் எந்தத் தச்சனாலும் செய்ய முடியாது. அதை அங்கேயே படமாக்கினார்கள். ஆனால் கதையின் உயிரான இசைக்கூடத்துக்குத் தேவைப்பட்ட பெருமிதம் அங்கிருந்த கூடத்தில் இல்லை. அதைப் பன்சி ஸ்டூடியோவில் எழுப்பினார். வாசல் ஆற்றங்கரையில், கூடம் கல்கத்தாவில். படத்தில் இரண்டும் ஒரே அரண்மனை.

1963இல் 'மகாநகர்'. அதில் நடுத்தரக் குடும்பமொன்று நெருக்கியடித்து வாழும் சிறு வீடு. 1964இல் 'சாருலதா'. அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செல்வர் மாளிகை; ஆனால் உள்ளே இருப்பவளுக்கு அது பொற்கூண்டு. 1966இல் 'நாயக்'. அதில் ஓடும் ரயில் பெட்டி; ஸ்டூடியோவில் அசையாமல் நின்ற அந்தப் பெட்டி திரையில் டில்லிக்குப் பறந்தது. 1969இல் 'கூப்பி கைன் பாகா பைன்'. அதில் குழந்தைகள் கைகொட்டும் மாயநாட்டு அரசவை. குடிசையும் அரண்மனையும் கூண்டும் ரயிலும் ஒரே கைக்குக் கட்டுப்பட்டன.

பரிசு வந்தது, பெற ஆளில்லை

பின்னர் பம்பாய்க்குப் போனார். புகழ் நாடியல்ல, தொழில் நாடி. புதிய பாதை வகுக்க முனைந்த இளம் இயக்குநர்களுக்கும் செட் அமைத்தார். வணிகப் படங்களுக்கும் அமைத்தார். 1972இல் 'சீமா', 1976இல் 'தோ ஜூட்' ஆகிய படங்களுக்குப் பிலிம்பேர் பரிசு கிடைத்தது. 1977இல் மறுபடி ரேயுடன் சேர்ந்து 'சத்ரஞ்ச் கே கிலாடி' படத்துக்கு 1856ஆம் ஆண்டு லக்னோவைப் படைத்தார். 1981இல் வந்த 'உம்ராவ் ஜான்' படத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. அதே ஆண்டில் சேரி மக்களின் வாழ்வைச் சொல்லும் 'சக்ரா' படமும் வந்தது. நவாபின் அவையையும் நாதியற்றவன் குடிசையையும் ஒரே அக்கறையோடு பார்த்த கண் அவருடையது.

அந்த 1981ஆம் ஆண்டு, ஜூன் 27ஆம் நாள், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் காலமானார். வயது ஐம்பத்தேழு. 'சக்ரா' படத்துக்குப் பிலிம்பேர் பரிசு 1982இல் வந்தது. வாங்க அவர் இல்லை.

நமக்குள்ள பாடம்

இன்று இந்தத் தொழிலைக் கற்க அரசே கல்விக்கூடம் நடத்துகிறது. 1960இல் புனாவில் பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் ஒன்று தொடங்கியது. 1995இல் கல்கத்தாவில் சத்யஜித் ரே பெயரிலேயே இன்னொன்று வந்தது. சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் செட் அமைக்கவும், தயாரிப்பை நிர்வகிக்கவும் முறையான பயிற்சி உண்டு. வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: ஸ்டூடியோவில் முப்பது ஆண்டு ரம்பம் பிடித்த ஆசாரியின் மகன் அந்த வாசலுக்குள் எளிதாக நுழைய முடிகிறதா? வரைபடம் போடக் கற்ற மாணவன், அதை மரத்தில் நிறுத்தும் கைக்குரியவனிடம் போய்த் தொழில் கேட்கிறானா? இரண்டும் நடந்தால்தான் கல்வி. இல்லையேல் ஒருவனிடம் காகிதம் இருக்கும். மற்றவனிடம் தழும்பு இருக்கும்.

நிர்வாகம் படிக்கப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். திட்டம் தவறினால் நட்டம் முதலாளிக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். இரண்டு நாளில் முடிய வேண்டிய செட்டை ஓரிரவில் முடி என்றால், தூக்கக் கலக்கத்தில் சாரத்தில் ஏறுகிறவன் தொழிலாளி. அவசரத்தில் கட்டிய முட்டு சரிந்தால் அடியில் நிற்பவனும் அவனே. உயரத்தில் விளக்கைத் தூக்கிப் பிடிப்பவனுக்கு உங்கள் கணக்கேட்டில் ஒரு வரி தவறினால் உயிரே தவறலாம். நல்ல நிர்வாகம் என்பது பணத்தைக் காப்பது மட்டுமல்ல; ஆளைக் காப்பது.

காஷ்மீரத்திலிருந்து வந்த இளைஞனுக்கு வங்காளத்தில் உறவில்லை, ஊரில்லை. தொழில் தெரிந்தவரின் அருகே நின்று கற்றான். கற்றதைக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்தான். அவன் கட்டிய வீடுகளில் ஒன்றுகூட இன்று தரையில் இல்லை. ஆயினும் உலகின் ஏதோ ஓர் அரங்கில், இருட்டில், அந்தச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. அந்தக் கதவு ஆடுகிறது. யாரோ ஒருவர் கண் கலங்குகிறார்.

அடுத்த முறை படம் முடிந்ததும் அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள், தோழர்களே. திரையில் சின்ன எழுத்தில் பெயர்கள் ஓடும். தச்சர், பூச்சுக்காரர், வண்ணம் தீட்டியவர், விளக்குப் பிடித்தவர் என்று ஓடும். ஒரு நிமிடம் நின்று படியுங்கள். அவை நம்முடைய பெயர்கள்.